உப்புப் பார்க்க ஒரு நாக்கு

சௌக்கிட் பாசாரில் இறைச்சி வெட்டுகிறவர்
என் நெற்றிப்பொட்டை ஒருமுறை பார்த்தார்,
கையிலிருந்த சீட்டை ஒருமுறை பார்த்தார்.
கால் சதை ஒரு கிலோ, நரம்போடு.
டாகிங் என்றுதான் கேட்டேன்.
மலாய் மொழியில் கேட்டால் அது வெறும் இறைச்சி.
தமிழில் கேட்டிருந்தால்
எழுந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்திருக்கும்.

ஃபூக் சாங்கின் மூக்குக்குப் பின்னால்
முப்பத்தைந்து நாள் கதிர் வைத்தார்கள்.
கட்டி போயிற்று.
கூடவே எச்சிலும் போயிற்று, ருசியும்.
ஐஸ்கிரீம் சுண்ணாம்பு என்கிறான்.
என் ரசம் வெந்நீராம்.
நேற்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
ங்காவ் யூக் ஃபன் வேண்டும் என்றான்,
பூடு சந்தில் முன்பு விற்றார்களே, அந்த மாதிரி.
அவன் பாஷையில் கேட்டது
எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.
இருபத்திரண்டு வருஷத்தில் வீட்டில் கேட்டதில்லை.
கடையில் தின்றுவிட்டு
வாய் கொப்பளித்த பிறகே
கதவைத் தட்டுகிறவன்.

முதல் கொதியைக் கொட்ட வேண்டும்.
சாம்பல் நிறத்தில் நுரை ஏறி வந்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு சிங்க்கில் கவிழ்த்தேன்.
இரண்டாம் தண்ணீரில்
நசுக்கிய இஞ்சி, தோலோடு பூண்டு,
தௌச்சூ, கற்கண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
ஒரு மூடி அரிசி ஒயின்,
பட்டை, அன்னாசிப்பூ.
அன்னாசிப்பூ விழுந்ததும்
சமையலறை கொஞ்சம் என் பக்கம் வந்தது.
அதற்குக் கட்சியில்லை,
பிரியாணியிலும் கிடக்கும், இதிலும் கிடக்கும்.
முள்ளங்கியை மட்டும்
சாம்பார் நினைப்பில் மெல்லிசாக வெட்டிவிட்டேன்.
கரைந்தே போனது.
இன்னொன்றை எடுத்துத் துண்டு துண்டாகப் போட்டேன்.

மூன்று மணி நேரம்.
கரண்டிக் காம்பு பட்டாலே சதை விலகுகிறது,
நரம்பு கண்ணாடியாகிவிட்டது.
அப்புறம்தான் தோன்றியது,
உப்பு?

என் நாக்கு வராது.
அவனுக்கு நாக்கே இல்லை.

சின்னக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு
எதிர்வீட்டு மேடம் லூய் கதவைத் தட்டினேன்.
குவான் யின்னுக்கு நேர்ந்துகொண்டு முப்பது வருஷமாம்,
மாட்டைத் தொடுவதில்லை.
நீங்களுமா என்றேன்.
நீயா என்றாள், கிண்ணத்தைப் பார்த்து.
மூலைவீட்டு காக் ரோஹாயு
ஸ்பூனோடே வந்துவிட்டாள்.
சௌக்கிட்டில் வாங்கியதுதானே?
சௌக்கிட்டில்தான், காக். ஆனால் ஒயின்.
ஸ்பூன் மெதுவாகக் கீழே இறங்கியது.
வாசனை பிரமாதம் என்றாள், பாவம்.
கீழே காவலுக்கு நிற்கும் தில் பகதூர்
மூடியைத் திறக்குமுன்னே கைகூப்பிவிட்டான்.

பதினேழு மாடி. ஒரு நாக்கில்லை.
லிஃப்ட் ஏழுக்கு வருவதற்குள்
கிண்ணத்தில் கொழுப்பு வட்டம் கட்டிவிட்டது.

ரசத்துக்கு எடுக்கிற மாதிரியே
கை எடுத்தது, போட்டது.
நான் பார்க்கவில்லை.

லாய் ஃபன்மேல் சூப்பை ஊற்றி
வெங்காயத்தாள் தூவிக் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
முதலில் சூட்டைத்தான் குடித்தான் என்று நினைக்கிறேன்.
சதையை நகத்தளவு கிள்ளி,
சூப்பால் தள்ளி,
தொண்டையோடு மல்லுக்கட்டி விழுங்கினான்.
பாதிக் கிண்ணம்.
நாலு மாதத்தில் அவ்வளவு இறங்கியதில்லை.

உப்பு? என்றேன்.
ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான்.
சரியா இருக்கு என்றான்.
அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.
பானையை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன்,
நாலாம் முறை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் லிஃப்டில் மேடம் லூய்,
காக் ரோஹாயு, அவள் மகன்,
இரவுப் பணி முடிந்து
யாருக்கோ பார்சல் கொண்டுவந்த தில் பகதூர்.
காரம் சுக்குப்? என்றாள் காக் ரோஹாயு.
உப்பைத்தான் அவர்கள் காரம் என்பார்கள்.
நாலு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

சுக்குப் என்றேன்.

சரியாக இருந்ததாம் என்பதில் வருகிற
அந்த ஆம்-ஐ
மலாய் மொழியில் எங்கே ஒட்டுவதென்று
தெரியவில்லை.